மூன்றாவது மிதி

மெக்கானிக்கின் மனைவி தான் சுமந்துவந்த மூட்டையை மேஜைமேல் வைத்ததும், எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் அந்த மேஜை ஆட்டத்தை நிறுத்தியது. அவ்வளவு கனம். பழைய போர்வையில் சுற்றி இறுக்கிக் கட்டிய மூட்டை. உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மூலையில் ஸ்பேனரின் வாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை உங்க வீட்ல எங்கயாவது ஒளிச்சு வைக்கணும்க்கா," என்றாள். "சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வர்றாரு. இவரேதான் வரச் சொல்லியிருக்காரு."

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சர்வேயரம்மா. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எதனால் அடிபட்டது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்து நாலு வருஷமாக அதே வேலை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவர்; இந்த ஊரில் அது அபூர்வமான குணம். பக்கத்தில், காமிராவைக் கழுத்தில் மாட்டியபடி, அவருடைய கொழுந்தன். தெருமுனையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அண்ணிக்கு விபத்துப் படங்கள் எடுத்துக் கொடுப்பது உபதொழில். படத்தோடு ஒரு முடிவையும் சேர்த்துக் கொடுப்பார். முடிவுக்கு யாரும் அவரைக் கேட்பதில்லை, அவரும் அதற்காக நிறுத்தியதில்லை.

"நர்சரி பிக்கப் விஷயமா?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

அவள் தலையாட்டினாள். கண் கலங்கிவிட்டது. விஷயம் தெருவுக்கே தெரியும். சனிக்கிழமை அந்தச் செடிப் பண்ணையின் பிக்கப் வண்டிக்கு அவள் கணவர் முன் சக்கரங்களில் புது பிரேக் பேட் போட்டார். திங்கட்கிழமை காலை டிரைவர் வண்டியை எடுத்தார். பண்ணையின் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. வண்டி கேட் தூணில் மோதி, டிரைவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அன்றைக்குப் பூட்டிய ஒர்க்‌ஷாப்பை மெக்கானிக் மூன்று நாளாகத் திறக்கவில்லை.

அந்த மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'ரெண்டுதரம்' என்று பெயர். எந்த நட்டையும் ஒரு தரம் முறுக்கிவிட்டு, கையைத் துடைத்து, இன்னொரு தரம் முறுக்குவார். வீட்டுக் கதவைப் பூட்டினாலும் அப்படித்தான் என்று மனைவி சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை வேலை நடுவில் ஒரு போன் வந்ததாம். பேசிவிட்டு வந்தவர், பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட்டை இரண்டாவது தரம் முறுக்கினாரா இல்லையா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லையாம்.

"சாப்பிட உட்கார்ந்தா கையையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காரு," என்றாள். "இந்தக் கையால இனி யார் வண்டியையும் தொட மாட்டேன்னு சொல்லிட்டாரு. வேற வேலை தெரியாதுக்கா அவருக்கு."

"ஒளிச்சு வைக்க வேண்டாம்," என்றார் சர்வேயரம்மா. "நாலு மணிக்கு மூட்டையை எடுத்துட்டு நர்சரிக்கு வாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க. அறிக்கையில அவர் கையெழுத்து வேணும்னு சொல்லுங்க."

அவள் போனதும் கொழுந்தன் முதல் முடிவை வெளியிட்டார். மெக்கானிக் போல்ட்டை முறுக்கவில்லை, கதை முடிந்தது. சர்வேயரம்மா ஒரு பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கதை முடிந்தால் நல்லதுதான், வாங்க போகலாம் என்றார்.

மூன்று இடங்களும் ஒரே தெருவில்தான். முதலில் ஒர்க்‌ஷாப், அடுத்து ஸ்பேர்ஸ் கடை, அதற்கடுத்து நர்சரி. ஸ்பேர்ஸ் கடையின் பின்கதவு நர்சரி வளாகத்துக்குள் திறக்கும். பிக்கப்பை நிழலுக்காக அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் நிறுத்துவார்கள்.

ஒர்க்‌ஷாப் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே இருட்டில் மெக்கானிக் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை உட்காரச் சொன்னார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: தப்பு தன்னுடையது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவனாக இருந்திருந்தால் இந்த மனிதர் இத்தனை கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று கொழுந்தனுக்கே தோன்றியது. ஆனாலும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

சர்வேயரம்மா தப்பைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்டார். எந்த பேட் போடுவது என்று யார் முடிவு செய்தது?

வேலைப் பேச்சு என்றதும் மெக்கானிக்கின் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "நர்சரியம்மா சத்தமில்லாத பேட் போதும்னாங்க. நான்தான் ஒத்துக்கல. ஆள் ஏத்துற வண்டிக்கு மெத்துனு இருக்கிற பேட் சரி. இது மண்ணும் தொட்டியும் ஏத்திட்டு வாராவாரம் திங்கக்கிழமை மலைப்பாதையில இறங்கற வண்டி. அந்தச் சூட்டுக்கு மெத்துனு இருக்கிறது தாங்காது, வழுக்க ஆரம்பிச்சிடும். உலோகத்தூள் கலந்த கெட்டி பேட்தான் வேணும்னு சொல்லி, பக்கத்துக் கடையில வாங்கினேன்."

அலமாரியில் அந்த அட்டைப்பெட்டி இருந்தது. சுமை வண்டிக்கான பேட் என்று பெட்டியில் தெளிவாகப் போட்டிருந்தது. உள்ளே, மாட்டும் முறையைப் படங்களோடு அச்சிட்ட ஒரு தாள். சர்வேயரம்மா தாளை விரித்து முழுவதும் படித்தார். கடைசி வரி பொடி எழுத்து. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருந்தது. படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு மேடையில் பொருத்தியிருந்த, சாமான்களைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பக்கம் குனிந்தார். வைஸுக்குக் கீழே, செய்தித்தாள்மேல், மாவு மாதிரி கொஞ்சம் தூள் கிடந்தது. வெளிர் பழுப்பு நிறம். பக்கத்தில் அரம் கிடந்த தடம் மட்டும் இருந்தது.

"இது என்ன தூள்?"

"பேட் தூள்தாம்மா. புது பேட்டோட நாலு ஓரத்தையும் சரிவா ராவிட்டுத்தான் மாட்டுவேன். இல்லாட்டி கீச்சுனு கத்தும். சனிக்கிழமை கடைசியா பண்ணின வேலை அதான். இந்தத் தடவை அரம் சீக்கிரமா போச்சு, சட்டுனு முடிஞ்சுது." சொல்லிவிட்டு அவர் மறுபடி கையைப் பார்க்க ஆரம்பித்தார்.

சர்வேயரம்மா ஒரு சிட்டிகைத் தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். கொழுந்தன் தூளைப் படம் எடுத்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது, அண்ணி மடித்துக்கொண்டதால் எடுத்தார்.

நர்சரியில் பிக்கப் முன்பக்கம் நசுங்கி, பழைய இடத்திலேயே மூக்கைச் சரிவுப் பக்கம் வைத்து நின்றது. டிரைவரும் அங்கேதான் இருந்தார். தோளில் கட்டு, கையைத் தூக்கி மாட்டிய துணி. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றார். காரணம் சொல்லாமலே விளங்கியது: நர்சரியம்மாள் முதற்கொண்டு எல்லோரும் அவர் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருப்பார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் மோதிய வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து விட்டவர்கள் பிரேக்கை மிதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிடித்திருக்கிறது. பிடிக்கிற பிரேக்கைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"நான் நம்பறேன், சொல்லுங்க," என்றார் சர்வேயரம்மா.

டிரைவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல் மிதி, பெடல் அடிவரைக்கும் போயிடுச்சும்மா. காத்தை மிதிச்ச மாதிரி. ரெண்டாவது மிதி பாதியில நின்னுச்சு. மூணாவது மிதி கல்லு. ஆனா மூணாவது மிதிக்கிறதுக்குள்ள தூண் வந்துடுச்சு. ஹேண்ட்பிரேக்கை இழுக்கக்கூட நேரமில்ல. இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன். கதை சொல்றேன்ங்கறாங்க."

சனிக்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் இருந்து எடுத்து, டவுனுக்குள் இரண்டு நடை தொட்டி இறக்கிவிட்டு வந்தபோது பிரேக் நன்றாகவே பிடித்ததாம். வண்டியைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போனார். வேறு சாவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பண்ணை விடுமுறை. திங்கள் காலையில் ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று சர்வேயரம்மா கேட்டார். டிரைவர் யோசித்தார்.

"பின்சக்கரம் ரெண்டுக்கும் முன்னாடி யாரோ கல் வச்சிருந்தாங்க. நான் வைக்கல. தண்ணி ஊத்தற பையன் வச்சிருப்பான்னு நினைச்சு எடுத்துப் போட்டுட்டுக் கிளம்பினேன்."

சர்வேயரம்மா பானெட்டைத் தூக்கச் சொன்னார். பிரேக் ஆயில் டப்பா உடையவில்லை. நசுங்கிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் இருந்ததால் தப்பித்திருந்தது. ஆயில் அதில் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது, மூடியின் விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தது. டப்பாவுக்குக் கீழே தகரத்தின் வெள்ளைப் பெயிண்ட் ஒரு விரல் அகலத்துக்குக் கொப்புளித்து, ஒரு கோடாகக் கீழே இறங்கியிருந்தது. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் இப்படித்தான் உரியும்.

மோதியபோது சிந்தியிருக்கும் என்றார் கொழுந்தன். மோதி அலம்பியிருந்தால் முன்னால் தெறித்திருக்கும், இது சொட்டுச் சொட்டாக வழிந்த தடம் என்றார் சர்வேயரம்மா. கொழுந்தன் படம் எடுத்தார்.

பிறகு சர்வேயரம்மா அடிபடாத பக்கத்து முன் சக்கரத்துக்கு ஜாக்கி வைத்து, நட்டுகளைத் தாமே கழற்றினார். காலிப்பர் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் கொழுந்தனின் முதல் முடிவு காலாவதியானது. அடுத்த முடிவுக்காக அவர் வானத்தைப் பார்த்தார். சர்வேயரம்மா பேட் இரண்டையும் வெளியே எடுத்தார். கருப்பு நிறம், வெயிலில் திருப்பினால் உள்ளே உலோகத்தூள் மினுக்கியது. நான்கு ஓரங்களும் கூர்மையாக, தொழிற்சாலையில் வெட்டியது வெட்டியபடியே இருந்தன. அவற்றை அங்கேயே ஒரு சாக்கின்மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"அண்ணி, யாரோ நாசவேலை பண்ணியிருக்காங்க," என்றார் கொழுந்தன் தாழ்ந்த குரலில். "நர்சரியம்மாவுக்குத் தொழில் எதிரி இருக்காங்களான்னு விசாரிக்கட்டுமா?"

"இருக்கட்டும். முதல்ல ஸ்பேர்ஸ் கடைக்குப் போவோம்."

ஸ்பேர்ஸ் கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முப்பது வருஷமாக அதே கவுண்டரில் நிற்பவர். கடையில் அவர் மட்டும்தான். மகன்கள் இரண்டு பேரும் வேறு ஊரில். கடையை மூடிவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று வருஷம் தவறாமல் கூப்பிடுகிறார்கள், இவர் போவதில்லை. சர்வேயரம்மா படியேறும்போது அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "வாங்க," என்று பொதுவாகச் சொன்னார். அம்மாள் பேசிய பிறகுதான், "அட, சர்வேயரம்மாவா," என்று முகம் மலர்ந்தது.

சர்வேயரம்மா ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, அதில் எழுதிய நம்பரில் ஒரு பேட் பெட்டி வேண்டும் என்றார்.

"நீங்களே படிங்கம்மா. கண்ணாடியை வீட்ல வச்சுட்டு வந்துட்டேன்."

சர்வேயரம்மா படித்தார். கடைக்காரர் திரும்பி, எண்ணிப் பார்ப்பதுபோல் அலமாரித் தட்டுகளைத் தொட்டு, மூன்றாவது தட்டில் ஒரு பெட்டியை எடுத்தார். கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து, பேட்டின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தமாகத் தேய்த்துப் பார்த்தார். திருப்தியாகி மூடினார். அவருடைய வலது கை முட்டிகள் நாலிலும் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. கொழுந்தன் அக்கறையாக விசாரிக்க, ஷட்டர் இறக்கும்போது பட்டுவிட்டது என்றார். டிரைவரின் தோள் எப்படி இருக்கிறது என்று அவரே கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

"நாலு மணிக்கு நர்சரி வரைக்கும் வர முடியுமாண்ணே?" என்றார் சர்வேயரம்மா. "பேட்டைப் பத்தி உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க."

வெளியே வந்ததும் கொழுந்தன் காமிராவில் படங்களைப் புரட்டிக்கொண்டே நடந்தார். கடையில் எடுத்த படத்தில் கடைக்காரர் நன்றாகவே விழுந்திருந்தார். சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு. கூட்டுக்கு வெளியே கண்ணாடியின் ஒரு காது.

"கண்ணாடி பையிலேயே இருக்கே அண்ணி. மறந்துட்டாரு பாருங்க, வயசாயிடுச்சு."

"மறக்கல, தம்பி," என்றார் சர்வேயரம்மா. அப்போது அவர் குரலில் இருந்தது வெற்றி இல்லை, வருத்தம்.

நாலு மணிக்கு எல்லோரும் பிக்கப்பைச் சுற்றி நின்றார்கள். நர்சரியம்மாள், டிரைவர், ஸ்பேர்ஸ் கடைக்காரர், கடைசியாக மனைவியின் பின்னால் மெக்கானிக். அவர் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். மனைவி மூட்டையைக் கீழே வைத்தாள்.

சர்வேயரம்மா குரலைத் தூக்கிப் பேசுகிறவர் இல்லை. எல்லோரும் கொஞ்சம் கிட்டே வந்து கேட்க வேண்டியிருந்தது.

"டிரைவர் சொன்னது உண்மை," என்று ஆரம்பித்தார். "முதல் மிதி அடிவரை, ரெண்டாவது பாதி, மூணாவது கல்லு. கதை கட்டறவங்களுக்கு இவ்வளவு சரியாச் சொல்ல வராது. பேட் மாத்தும்போது, அதைத் தள்ளற பிஸ்டனை உள்ளே அழுத்தி வச்சுட்டுத்தான் மாட்டுவாங்க. மாட்டினதும் பேட்டுக்கும் சக்கரத்தோட சுத்தற டிஸ்குக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி பெடலை நாலு மிதி மிதிச்சா அது மூடிடும். மிதிக்கலன்னா, முதல்ல மிதிக்கிறவங்க கதி இவர் கதிதான்."

நர்சரியம்மாள் டிரைவர் பக்கம் திரும்பித் தலை குனிந்தார்.

"அப்போ நான்தான் மிதிக்க மறந்திருக்கேன்," என்றார் மெக்கானிக்.

"எப்படி? சனிக்கிழமை ரெண்டு நடை ஓடி, நின்னு, வந்திருக்கே. அதுக்கப்புறம் யாரோ சக்கரத்தைத் திறந்திருக்காங்க. நீங்க மேல் கோடு வரைக்கும் ஊத்தின ஆயில் இப்ப அதுக்குக் கீழே நிக்குது. பிஸ்டனை மறுபடி அழுத்தினா ஆயில் மேலே ஏறும், சரிவுல நிக்கிற வண்டியில மூடி வழியா கசியும். பெயிண்ட் உரிஞ்சிருக்கு. திறந்தவங்க கையில சாவி இல்ல. அதனால பானெட்டையும் பார்க்கல, பெடலையும் தொடல." சாக்கின்மேல் இருந்த பேட் ஒன்றை எடுத்து நீட்டினார். "திரும்பிப் பாருங்க. இது நீங்க போட்டதா?"

மெக்கானிக் மெதுவாகத் திரும்பினார். பேட்டை வாங்கினார். அவர் விரல் தானாகவே அதன் ஓரத்துக்குப் போனது. போன விரல் அங்கேயே நின்றது.

"ராவல," என்றார். "இது என் வேலை இல்ல."

"உங்க வைஸ் அடியில கிடந்த தூள் பழுப்பு. இந்த பேட் கருப்பு. நீங்க போட்டது மெத்து பேட். வண்டியில இப்ப இருக்கிறது, நீங்க பெட்டியைப் பார்த்து வாங்கின அதே கெட்டி பேட்."

கொழுந்தனால் பொறுக்க முடியவில்லை. நாசவேலை செய்ய வந்தவர் எதற்காக மட்டமானதை எடுத்துவிட்டு நல்லதை வைக்க வேண்டும் என்று கேட்டார். அன்றைக்கு அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

"அதான் தம்பி விஷயமே. கெடுக்க வந்தவங்க நல்லதை வைக்க மாட்டாங்க. பின்சக்கரத்துக்குக் கல்லும் வைக்க மாட்டாங்க. இவங்க கல்லை வேலை முடிஞ்சும் எடுக்கல. தன் வேலைமேல நம்பிக்கை இல்லாம, இருக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருக்காங்க. வந்தவங்களுக்கு டிரைவர்மேல அக்கறை. தப்பான பேட் போயிருக்குன்னு தெரியும், திங்கக்கிழமை வண்டி மலை இறங்கும்னும் தெரியும். பெட்டிக்குள்ள இருக்கிறது தப்புன்னு வாங்கினவருக்கே தெரியல. வேற யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

யாரும் ஸ்பேர்ஸ் கடைக்காரரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது தெரிந்தது. அவர் உரிந்த முட்டிகளை இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு பெட்டி கைதவறிக் கீழே விழுந்துடுச்சு," என்றார். "ரெண்டுலயும் தகடு ஒரே அளவு. தடவித் தடவி உள்ளே போட்டேன். மாத்திப் போட்டுட்டேன். சனிக்கிழமை கடை மூடற நேரத்துல ஒரு வேன்காரர் வந்து, இது மெத்து இல்லையேன்னு திருப்பிக் கொடுத்தாரு. அப்பத்தான் தெரிஞ்சுது. இவருக்கு என்ன கொடுத்திருக்கேன்னு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே," என்றார் மெக்கானிக்.

"எடுத்தேன். நம்பரை அழுத்திட்டு வச்சுட்டேன். என்னன்னு சொல்றது? எழுத்து தெரியலன்னா? ரெண்டு வருஷமாவே சரியாத் தெரியலப்பா. கண்ணாடி போட்டாலும் பனி மூடின மாதிரிதான். வெளிய தெரிஞ்சா பசங்க அன்னிக்கே கடையைப் பூட்டிடுவாங்க. அந்தக் கவுண்டரை விட்டா எனக்கு உட்கார இடம் ஏது?" அவர் டிரைவர் இருந்த திசையில் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் பின்கதவைத் திறந்துட்டு வந்தேன். ஆயிரம் பேட் வித்திருக்கேன், ஒண்ணுகூட மாட்டினதில்ல. பெட்டியில இருக்கிற தாள்ல படம் பெரிசா இருக்கும், அது தெரியும். மூணு மணி நேரம் ஆச்சு. சரியா மாட்டிட்டேன்னுதான் நினைச்சேன்."

சர்வேயரம்மா பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். கடைசி வரியை வாசித்தார். "வண்டியை எடுக்கும் முன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்கவும்." அது பொடி எழுத்து.

கிழவர் அழுதுவிட்டார். நாற்பது வயதில் அப்படி அழுதிருந்தால் யாராவது தேற்றியிருப்பார்கள். அவர் வயதுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். டிரைவர்தான் நல்ல கையால் அவர் தோளைப் பிடித்தார். மெத்து பேட்டோடு மலையில் போயிருந்தால் தோளோடு போயிருக்காது என்று மட்டும் சொன்னார்.

"அறிக்கையில நடந்ததைத்தான் எழுதுவேன்," என்றார் சர்வேயரம்மா. "அதை மாத்த முடியாது. ஆனா நீங்க சொல்ற பனி, எங்க அக்காவுக்கும் இருந்துச்சு. ஆபரேஷன் பண்ணின மறுநாளே பேப்பர் படிச்சாங்க. நாளைக்குக் காலையில நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். பசங்களுக்கு அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

மெக்கானிக் இதையெல்லாம் கேட்டாரா என்று தெரியவில்லை. பேட்டைக் கையில் வைத்தபடி நின்றிருந்தவர், மனைவியிடம், "அரம் எங்கே?" என்றார்.

அவள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு லேசில் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவர் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேட்டின் ஓரங்களை ராவத் தொடங்கினார். கருப்புத் தூள் கொட்டியது. அரம் இந்தத் தடவை கஷ்டப்பட்டுத்தான் போனது.

"எனக்கும் பங்கிருக்கு," என்றார், வேலையிலிருந்து தலை தூக்காமல். "சனிக்கிழமை அரம் வழுக்கிட்டுப் போச்சு. கெட்டி பேட்ல அப்படிப் போகாது. கம்பெனிக்காரன் புது சரக்கு விட்டிருக்கான் போலன்னு நானா சமாதானம் சொல்லிக்கிட்டேன். போல்ட்டை ரெண்டாவது தரம் முறுக்கினேனான்னு மூணு நாளா யோசிச்சேன். யோசிச்சிருக்க வேண்டியது அதை இல்ல."

போல்ட் விஷயம் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறொரு கை அதைக் கழற்றி மாட்டிவிட்டது. ஆனால் அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு கேட்டுக்கு வந்தார். ஒர்க்‌ஷாப்பில் ஆளில்லை, இங்கே இருப்பதாகச் சொன்னார்களாம். மெக்கானிக்கின் மனைவி மூட்டைக்குள் கைவிட்டு, சனிக்கிழமை கழற்றிய தேய்ந்த பழைய பேட்களை எடுத்துக்கொண்டு போனாள். இது மட்டும்தான் இரும்பு, வேறொன்றும் இல்லை என்று சொல்லி அவர் வண்டியில் போட்டாள். திரும்பி வரும்போது அவள் நடையே வேறாக இருந்தது.

அடிபட்ட பக்கத்துச் சக்கரமும் கழன்றது. நாலு பேட்டும் ஓரம் சரிந்து மறுபடி உள்ளே போயின. அதற்காக மெக்கானிக் பிஸ்டன்களை மறுபடி உள்ளே அழுத்தி, டப்பாவில் ஆயில் வழியாமல் பார்த்துக்கொண்டார். போல்ட்டுகளை முறுக்கினார். கையைத் துடைத்தார். இன்னொரு தரம் முறுக்கினார். "ரெண்டு," என்று மனைவி வாய்விட்டுச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

பிறகு எழுந்து கதவைத் திறந்து, "ஏறுங்கண்ணே," என்றார் ஸ்பேர்ஸ் கடைக்காரரிடம்.

"நானா?"

"நீங்கதான். நீங்க பாதியில விட்டுட்டுப் போன வேலை. முடிச்சிட்டு இறங்குங்க."

அவர் படியைக் காலால் தடவிக் கண்டுபிடித்து ஏறினார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் ஜன்னலில் கை வைத்து நின்றார். பின்சக்கரங்களுக்கு முன்னால் அந்த இரண்டு கற்களையும் டிரைவர் காலால் தள்ளி வைத்தார்.

"மிதிங்க."

கால் அடிவரை போனது. கிழவரின் முகம் வெளுத்தது. திங்கட்கிழமை காலையில் டிரைவர் காலுக்கு அடியில் என்ன நடந்தது என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. அதை யாரும் அவருக்கு வேறு விதமாகச் சொல்லியிருக்க முடியாது.

"இன்னொரு தரம்."

பாதியில் நின்றது.

"இன்னொண்ணு."

"கல்லு," என்றார் அவர்.

காலை எடுக்கவில்லை. முழு பலத்தையும் கொடுத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சர்வேயரம்மா சட்டையைக் கழற்றி மடித்தார். கொழுந்தன் காமிராவைத் தூக்கி, பிறகு என்ன நினைத்தாரோ, எடுக்காமல் இறக்கிக்கொண்டார்.

"காலை எடுக்கட்டுமாப்பா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எடுங்கண்ணே," என்றார் மெக்கானிக். "இனி எடுத்தா ஒண்ணும் ஆகாது."